வாங்கிய மூச்சின் கடன்

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியில் தலைகொடுத்து நின்று, அந்தக் குளிரோடு கூடவே கிளம்புகிற பசிக்குப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் வயிறார உண்டு, மறுபடியும் அருவிக்கே திரும்பி, பாசிப்பாறையில் வழுக்கி விழுந்து மண்ணீரல் சிதைந்த ஒருவரை அவசரமாக அறுவைக்கு எடுக்க நேர்ந்தால், அறுவை மருத்துவருக்கு மண்ணீரல் கவலை. மயக்க மருத்துவருக்கோ அந்த நிறைந்த வயிறே கவலை. மயங்கிய கணத்தில் உண்டது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆகவே சில நிமிஷம் பிராணவாயுவைச் சுவாசிக்கச் செய்து, மயக்க மருந்தையும் தசைகளைத் தளர்த்தும் மருந்தையும் அடுத்தடுத்துச் செலுத்தி, ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் மூச்சுக்குழாயில் டியூபை இறக்கிவிடுகிறார்கள்.

வாக்கும் கண்ணும் செவியும் மனமும் ஒவ்வொன்றாக வெளியேறிப் பார்த்தும் உடல் நிலைத்திருந்தது, பிராணன் புறப்பட எத்தனித்ததுமே மற்றவை யாவும் ஆட்டங்கண்டன என்று சாந்தோக்கிய உபநிஷதம் கதை சொல்கிறது. அந்தக் கதை கேளாத கேள்வி ஒன்றுண்டு: பிறருடைய பிராணனை, அவர் நன்மைக்கே எனினும், தன் கையில் வாங்கிக்கொண்டவன், அதைத் திருப்பித் தரும் பொறுப்பை இயற்கையிடம் விட்டுவிடலாமா?

தசைகளைத் தளர்த்தும் மருந்து மூச்சையும் நிறுத்திவிடும். அத்தகைய மருந்தாக, அறுவை அரங்கில் ஸ்கோலின் என்று வழங்கும் சக்சினைல்கோலினைச் செலுத்தினால், புருவத்தில் தொடங்கும் துடிப்பு தாடை, கழுத்து, மார்பு என இறங்கி, தோலுக்கடியில் அயிரை மீன்கள் துள்ளுவதுபோல் கால்வரை ஓடி அடங்கும்; குருதியிலுள்ள ஒரு நொதி மருந்தைச் சிதைத்துவிட, 5 முதல் 10 நிமிஷத்தில் மூச்சு தானே திரும்பும். ரோகுரோனியம், உடல் எடையில் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் கொடுத்தால், ஏறக்குறைய அதே வேகத்தில் வேலை செய்யும். ஆனால் ஒரு மணி நேரமானாலும் எளிதில் விலகாது. உடனே விலக்குவதற்குச் சுகமாடெக்ஸ் கையிருப்பில் இருக்க வேண்டும்; அதுவோ விலை மிகுந்தது.

தானே திரும்புவதை நம்புவது ஆஸ்திக மனத்துக்கு இயல்பு. ஆனால் அந்த நொதி எல்லார் குருதியிலும் சரிவர வேலை செய்வதில்லை. ஆரிய வைசிய சமூகத்தாரில் சிலருக்கு அது பரம்பரையாகவே குன்றியிருப்பதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அயல்நாட்டு அறிஞரோடு சேர்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மற்றெல்லா வகையிலும் ஆரோக்கியமாக வாழ்கிற அவர்கள், பரிசோதித்தாலன்றி, இந்த மருந்து உடலில் ஏறும் நாள்வரை தம் குறையை அறிவதில்லை. அன்றைக்கோ 10 நிமிஷம் பல மணி நேரமாக நீளும். இதனைப் பூர்வகர்மம் என்று சொல்லி அமைவோர் உண்டு. பிறப்பின் தற்செயலால் ஒருவனுக்கு மூச்சு வராதிருப்பதைக் கர்மம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அத்தனை நேரமும் வென்டிலேட்டர் மூச்சு விடும், மனம் என்னாகும்? ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் முழுப் பிரக்ஞையோடு, தசைகளைத் தளர்த்தும் டியூபோகுராரின் என்ற மருந்தைச் செலுத்திக்கொண்டு அசைவற்றுக் கிடந்து, நடந்தவற்றையெல்லாம் பின்னர் விவரித்தது 1947இல் வெளியாயிற்று. தசை அடங்கினாலும் உள்ளிருந்து காணும் சாட்சி அடங்குவதில்லை. சித்திர சபையில், அசையாத ஓவியத்துக்குள் ஆடுகிறவனை வணங்கும் குற்றாலத்தாருக்கு இது விளங்காத தத்துவமன்று. ஆகவே மூச்சு திரும்பும்வரை அந்தச் சாட்சியை உறங்கவைத்திருப்பதும் அதே கடனில் சேரும்.

தீப்புண்பட்டுச் சில நாள் ஆனவருக்கு ஸ்கோலின் பொட்டாசியத்தை உயர்த்தி இதயத்தையே நிறுத்தக்கூடும், அங்கே ரோகுரோனியம்தான். மற்ற இடங்களில் எதைத் தேர்ந்தாலும், திரும்பாவிட்டால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு ஊசியை எடுப்பவரே தருமம் அறிந்தவர். நம் பங்கும் சிறிது உண்டு: கடைசியாக உண்ட வேளையையும், குடும்பத்தில் எவரேனும் அறுவைக்குப்பின் நெடுநேரம் மூச்சுத் திரும்பாமல் கிடந்ததுண்டா என்பதையும், மயக்க மருத்துவர் கேட்கும்முன்னரே சொல்லிவிடுங்கள்.