அசலும் ஒட்டுவேலையும்

ஒரு பொருளின் உண்மையான உருவம் எது? அது உண்டான அன்று இருந்ததா, பல கைகள் பட்டுத் தேய்ந்து இன்று வந்து நிற்பதா? கேள்வி பழையது. தத்துவ வகுப்புகளில் இதற்குக் கப்பலை உதாரணம் காட்டுவார்கள். பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்பது அதே கப்பல்தானா என்று. எனக்கு இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மாமல்லபுரம் போகிற வழியில், மரத்தடியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது.

பழைய கார்ச் சங்கம் ஒன்றின் உல்லாசப் பயணம் அது. என்னை அழைத்துப்போனவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர். சேமநிதிப் பணத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வாங்கி (அறுபதுகளில் சென்னையிலேயே செய்யப்பட்ட வண்டி) ஞாயிறுதோறும் அதன் அடியில் மல்லாந்து கிடப்பவர். மற்ற உறுப்பினர்கள் வேறு ரகம். ஆலை முதலாளிகள் இருவர், ஒரு பல் டாக்டர், சினிமாக் கம்பெனிகளுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுபவர் ஒருவர், நாலைந்து வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள். பரிகசிப்பதற்குத் தயாராகத்தான் நான் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் போன்றவர்களுக்குப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு சுலபமான இரை.

முட்டுக்காடு தாண்டி ஒரு வண்டி கொதித்து நின்றது. உடனே எல்லா வண்டிகளும் நின்றன. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்பது என்பது அவர்களுடைய விதியாம். வெள்ளை ஜிப்பாவும் கைக்கடிகாரமுமாக எட்டுப் பேர் ஒரு திறந்த பானெட்டுக்குள் தலையை நுழைத்தார்கள். தண்ணீர் பிடித்து வந்தவர் ஆலை முதலாளி. ரப்பர் குழாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியவர் என் வங்கி நண்பர். அரைமணி நேரம் யாருக்கும் அந்தஸ்து இல்லை. இலக்கியக் கூட்டங்களில் ஒருவன் கொதித்து நின்றால் நாம் இப்படி நிற்கிறோமா என்று யோசித்தேன். என் பரிகாசம் அங்கே பாதி செத்தது.

மீதிப் பாதியைச் சாகடித்தது ஒரு மாரிஸ் எய்ட். இட்லிக்காக நிறுத்தியிருந்த வரிசையில் ஐந்தாவதாக நின்றது. கறுப்பும் பச்சையுமாக, முகம் பார்க்கலாம் போல. முதலில் அடையாளம் தெரியவில்லை. எண் பலகையைப் பார்த்ததும்தான் தெரிந்தது. சட்டத்துக்குப் பயந்து மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது எங்கள் ஊர் டாக்டரின் கார். 1937இல் செய்தது, நாலு சிலிண்டர், 918 சி.சி., ஆறு வோல்ட் பாட்டரி. என் தகப்பனார் இருபத்திரண்டு வருஷம் அதை ஓட்டினார்.

ஓட்டினார் என்பது போதாது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகி உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பான காலம். பேரிங் தேய்ந்தால் பட்டறையில் வெள்ளீயக் கலவையை உருக்கி வார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து தானே சுரண்டிச் சமன் செய்வார். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள். கேஸ்கட்டை அட்டையில் வெட்டிக்கொள்வார். பின்னாளில் ஹெட்லைட் அம்பாசிடருடையதாயிற்று, டைனமோ வேறெதனுடையதோ ஆயிற்று. திரும்புவதைக் காட்ட அந்தக் காரின் பக்கவாட்டிலிருந்து ஒரு சின்னக் கைகாட்டி எழுந்து நிற்கும். அது ஒடிந்துபோன பிறகு மாற்றுக் கிடைக்கவில்லை. அப்பா தன் கையையே வெளியே நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை இடது கையைவிடக் கறுத்திருக்கும். குழந்தையில் எனக்கு அது வேடிக்கை. கல்லூரிக்குப் போன பிறகு வெட்கம்.

டாக்டரின் பேரன் என்னிடம் அன்பாகவே பேசினான். மூன்று வருஷ உழைப்பு என்றான். ஒவ்வொரு திருகும் அசல். கைகாட்டியைக்கூட இங்கிலாந்திலிருந்து வரவழைத்திருக்கிறான். “கண்டபடி ஒட்டுவேலை செய்து வைத்திருந்தார்கள், சார். கழற்றி எடுத்தது ஒரு சாக்கு. புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டோம்” என்றான். பிறகு, “இந்த வண்டியை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான்.

“நானும் உங்கள் தாத்தா ஊர்தான். சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்” என்றேன்.

இந்தப் பதிலில் பொய் இல்லை. இதற்குப் பிறகு வருவதை என் கோபமாக மட்டும் வாசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

‘அசல்’ என்று அந்தப் பையன் சொன்னதன் பொருள் என்ன? ஆக்ஸ்போர்டுக்கு அருகில் கவுலி என்ற இடத்திலிருந்த தொழிற்சாலையிலிருந்து அந்தக் கார் வெளியே வந்த நாளின் நிலை. அந்த நாளை அவனும் பார்க்கவில்லை, அவன் தாத்தாவும் பார்க்கவில்லை. அந்தக் கார் யாருக்கும் எதுவுமாக ஆவதற்கு முந்திய நாள் அது. பிரசவ வலி கண்டவளை ராத்திரியில் ஏற்றிக்கொண்டு போனது, வெள்ளத்தில் பாதி முழுகி மறுநாள் புறப்பட்டது, எல்லாம் அதற்குப் பின்னால். அவையெல்லாம் இந்தக் கணக்கில் அழுக்கு. ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துப் பாக்கி நாட்களைச் சுரண்டி எறிவதற்கு நாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. சுவரைச் சுத்தப்படுத்துகிறோம் என்று மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டு எழுத்தைத் தேய்த்த திருப்பணிகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. அங்கேயும் நோக்கம் பக்திதான்.

இப்படிப்பட்ட பயணங்களுக்கெல்லாம் மூதாதை என்று சொல்லத்தக்கது லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் ஓட்டம். 1896 நவம்பர் 14 அன்று முதலில் நடந்தது. வேக வரம்பை மணிக்கு 4 மைலிலிருந்து 14 மைலாக உயர்த்திய சட்டத்தைக் கொண்டாட மோட்டார்க்காரர்கள் கிளம்பினார்கள். அதற்கு விடுதலை ஓட்டம் என்று பெயர். 1927 முதல் அதை நினைவுச் சடங்காக நடத்துகிறார்கள். 1905க்கு முன் செய்த வண்டிகள் மட்டும்; புறப்படுமுன் ஒரு சிவப்புக் கொடியைக் கிழிக்கிறார்கள். அந்தக் கொடி யாருடையது? 1865ஆம் வருஷச் சட்டப்படி யந்திர வண்டிக்கு அறுபது கெஜம் முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போக வேண்டும். 1878இல் கொடி கட்டாயமில்லை என்றாயிற்று; ஆள் மட்டும் நடந்துகொண்டிருந்தான். 1896இல் அவனும் வேண்டாதவனானான். வண்டிக்கு விடுதலை என்றால் முன்னே நடந்தவனிடமிருந்து விடுதலை. சட்டம் அபத்தமானதுதான், போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நூற்றுச் சொச்சம் வருஷங்களாக வண்டிகளின் பெயரும் செய்தவர் பெயரும் குதிரைசக்தியும் பட்டியலாகி வர, கொடி மட்டும் கிழிக்கப்பட்டு வர, பிடித்திருந்த கை எந்தப் பட்டியலிலும் இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. இவர்கள் இல்லாவிட்டால் கார் முழுவதுமே புதுப்பேட்டைக்குப் போயிருக்கும், சாக்கு மட்டுமல்ல. பையன் தன் பணத்தையும் மூன்று வருஷத்தையும் கொடுத்திருக்கிறான். ஓட்டுநர் மகனான நான் என்ன கொடுத்தேன்? அப்பா இறந்த பின் அவருடைய ஸ்பானர் பெட்டி வீட்டுத் திண்ணையில் துருப்பிடித்துக்கிடந்தது. அது எப்போது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. சிரத்தை அவனிடம் இருக்கிறது, நினைவு என்னிடம் இருக்கிறது. சிரத்தையில்லாத நினைவுக்கு, நினைவில்லாத சிரத்தையைக் குற்றம் சொல்ல என்ன யோக்யதை?

இதை மறுக்க முடியாது. ஆனால் சிரத்தைக்கும் நினைவுக்கும் சண்டை அவசியமில்லை என்பதற்கு நம்மிடமே ஒரு முன்மாதிரி இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கி மூலத்தைத் தேடியவர்தான். செல்லரித்த ஏட்டில் அசலைக் காண அவரைப்போலத் தவித்தவர் குறைவு. ஆனால் தாம் ஏற்காத பாடத்தை அவர் எடைக்குப் போடவில்லை. பிரதிபேதம் என்று அடிக்குறிப்பில் இறக்கி வைத்தார். ஏடு எழுதியவனின் கைப்பிழையும் அங்கே ஒரு இடம் பெற்றது. பின்னால் வருகிறவன் தன் முடிவை மறுக்கலாம் என்ற அடக்கம் அதில் இருக்கிறது. கார்க்காரர்களிலும் யோசித்தவர்கள் இதற்கு வந்திருக்கிறார்கள். 1966இல் அமைந்த ஃபிவா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், வண்டி வாழ்ந்த காலத்தில் அதில் நேர்ந்த மாற்றங்களும் அதன் சரித்திரமே என்கிறது. ஆனால் அதே கூட்டமைப்பின் இலக்கணப்படி, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படும் வண்டி சரித்திர வண்டி ஆகாது. உபயோகம் நின்ற பிறகுதான் மதிப்பு தொடங்குகிறது. உபயோகத்தில் வைத்திருந்தவனுக்கு அந்த மதிப்பில் பங்கில்லாமல் போவது இந்த இடைவெளியில்தான்.

நான் கேட்பது அதிகமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு காரிலும் ஒரு அட்டை இருந்தது: தயாரிப்பு, வருஷம், உரிமையாளர்கள் வரிசை. அதில் இன்னும் ஒரு வரி: ஓட்டியவர், பழுது பார்த்தவர். ஒரு அடிக்குறிப்பு. கழற்றிய சாக்கில் ஒரே ஒரு துண்டு, வண்டியின் பின்பெட்டியில். கார் அதனால் அசல் குறைந்துபோகாது.

ஆனால் அந்த வரியை யார் எழுதச் சொல்வது? பையனுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இட்லித் தட்டோடு எதிரே நின்று, “சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டான். அவன் காருக்குச் செய்ததை நான் எனக்கே எப்போதோ செய்து முடித்திருந்தேன். அப்பா என் மேல் போட்டிருந்த ஒட்டுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, படிப்பும் விமர்சனமும் மெருகுமாக, எங்கும் சேராத ஒரு அசலாக நின்றுகொண்டிருந்தேன். அவனுடைய அறியாமை மன்னிக்கக்கூடியது. என்னுடையது அறியாமை அல்ல.

திரும்பும்போது அந்த மாரிஸ் எங்களுக்கு முன்னால் போயிற்று. ஒரு திருப்பத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த கைகாட்டி சிவப்பாக எழுந்து, வேலையை முடித்துக்கொண்டு மடங்கிற்று. நன்றாகத்தான் வேலை செய்கிறது.

அன்று சொல்லாததை இங்கே சொல்லிவிட்டேன். சிலபேர் மட்டும் படிக்கும் பத்திரிகையில் இதைச் சொல்வது சுலபம். அந்தப் பையனின் விலாசம் என் நண்பரிடம் இருக்கிறது.