பெற்றோரின் நோயும் பிள்ளைகளின் கடனும்

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் புற்றுநோய். ஆறு மாதமாக வைத்தியம் நடக்கிறது. நகைகள் அடகுக்கடையில் இருக்கின்றன; காணியும் ஈட்டுக்குப் போய்விட்டது. இன்னொரு மருந்து உண்டு, அதை வெளியே வாங்கினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம் என்கிறார் வைத்தியர். மிஞ்சியிருப்பது பேரப்பிள்ளையின் படிப்புக்கென்று வங்கியில் போட்ட பணம் மட்டுமே. அதையும் எடுக்க வேண்டுமா? எடுக்காத மகன் நான்காம் கற்பனையை மீறியவன் ஆவானா?

இலங்கையில் வைத்தியம் இலவசந்தானே, கடன் எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பர். மகரகமையிலும் தெல்லிப்பளையிலும் பொது வாட்டில் கட்டிலுக்கோ வைத்தியருக்கோ காசு கேட்பதில்லை என்பது மெய். ஆனால் கையிருப்பில் இல்லாத மருந்தை வெளியே வாங்கும்படி சீட்டு எழுதித் தந்தால் என்ன செய்வது? 2022இல் நாட்டில் டொலர் வற்றியபோது அத்தகைய சீட்டுகள் எத்தனை வீடுகளைக் கலங்கடித்தன! யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமைக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வான் கூலி, துணைக்குப் போகிறவரின் தங்குமிடம், சாப்பாடு, அவர் இழக்கும் நாட்கூலி ஆகிய இவை எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறுவதில்லை.

பெற்றோரைத் தாங்குவது பிள்ளையின் கடமை என்பதில் எமக்கு ஐயமில்லை. மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில், தாய் தந்தைக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்கு நேர்ந்தது, என்று சொல்லித் தப்பிக்கொண்டவர்களை இயேசு கண்டிக்கிறார். பக்தியே சாட்டாகிவிட்டது! எமது சாட்டுகள் வேறு. "வீடு தங்கச்சிக்குச் சீதனமாய்ப் போனது, அவளே பார்க்கட்டும்" என்பது அவற்றுள் ஒன்று. நாட்டின் சட்டங்கூட இதை ஏற்பதில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமையென்றே விதிக்கிறது.

ஆனால் இக்கடமைக்கு எல்லை உண்டா என்று கேட்பது பாவமன்று. 16ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பானிய தேசத்துத் தொமினிக்கன் குருவான பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைக் காப்பதற்காக ஒருவன் தன் சொத்து முழுவதையும் கொடுக்கக் கட்டுப்பட்டவனல்லன் என்று கற்பித்தார். 1957 நவம்பரில் வைத்தியர்களுக்கு உரையாற்றிய பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், நோயாளிக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகாத சாதாரண வழிகளுக்கே நாம் கட்டுப்பட்டவர்கள் என்றார். 'பிறருக்கோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். 1980 மே 5இல் உரோமை விசுவாச போதனைச் சபை வெளியிட்ட அறிக்கை இன்னும் தெளிவானது. குடும்பத்தின்மேல் மிதமிஞ்சிய செலவைச் சுமத்த விரும்பாமல் நோயாளி ஒரு சிகிச்சையை மறுத்தால், அது தற்கொலைக்குச் சமமாகாது.

ஆகவே அந்தப் படிப்புப் பணத்தைத் தொடாத மகனைப் பாவி என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மறுக்கும் உரிமை முதலில் நோயாளியுடையது, மகனுடையதன்று. எமது வீடுகளிலோ நோயின் பெயரையே நோயாளிக்குச் சொல்வதில்லை. "வயிற்றுப்புண்" என்று சொல்லி மகரகமைக்குக் கூட்டிச் செல்கிறோம்! தன் நோயை அறியாத தாய் எதை ஏற்பாள், எதை மறுப்பாள்? உண்மையை மறைத்தபின், அவளுக்காக நாம் எடுக்கும் முடிவு அன்பினால் வந்ததா, கணக்கினால் வந்ததா என்று எமக்கே தெரியாமற் போகும். மறுபுறத்தில், "எனக்கு ஒண்டும் வேண்டாம் தம்பி, பிள்ளைகளைப் பார்" என்று தாய் சொன்னவுடனே அதைப் பிடித்துக்கொள்வதும் நியாயமன்று. தான் பாரமாகிவிட்டேனோ என்ற பயத்தில் தாய்மார் அப்படித்தான் பேசுவர். ஒருமுறையல்ல, பலமுறை அருகிலிருந்து கேட்க வேண்டும்.

கனடாவிலிருந்து தமையன் தொலைபேசியில், "எவ்வளவு முடிந்தாலும் பரவாயில்லை, செய்யுங்கோ" என்கிறார். அவர் மனம் படும் பாடு எமக்கு விளங்குகிறது. ஆயினும் ஈட்டுப் பத்திரத்தில் ஒப்பம் வைப்பவர் ஊரிலுள்ள தங்கை. இரவில் படுக்கை விரிப்பை மாற்றுபவரும் அவரே. முடிவில் அவருக்கே பெரும் பங்கு இருக்க வேண்டுமென்பது எமது எண்ணம்.

எந்தக் கணக்கிலும் நிறுத்தக் கூடாதவை சில உண்டு. உணவும் நீரும், உடலைக் கழுவித் துடைப்பதும், நோவைத் தணிப்பதும் அவை. வியப்பு என்னவென்றால், நிச்சயமில்லாத மருந்துக்கு இலட்சக்கணக்கில் கடன்படும் குடும்பங்களே, பழக்கமாகிவிடும் என்று பயந்து மோர்பீனை மறுக்கின்றன. அதுவோ விலை கூடிய மருந்தன்று. நோவு தணிக்கும் மருந்தைத் தக்க காரணத்தோடு கொடுப்பதையும் அதே பாப்பரசர் அதே 1957இல் அனுமதித்திருக்கிறார்.

ஊர்வாயைப் பற்றியும் ஒரு சொல். "காசைப் பார்த்துத் தாயை விட்டிட்டான்" என்று செத்தவீட்டில் பேசுவர். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் கடைசி மருந்தை வாங்குகின்றனர்; பின்னர் பந்தலுக்கும் 31ஆம் நாள் நினைவு மலருக்கும் மீண்டும் கடன்படுகின்றனர். அப்படிப் பேசியவர்களில் எத்தனை பேர் வான் கூலியில் பாதியைக் கொடுத்தார்கள்? எத்தனை பேர் ஓர் இரவு வந்து கண்விழித்திருந்து, அந்தத் தங்கையைச் சற்று நித்திரை கொள்ள விட்டார்கள்?