21,600 மூச்சு

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ். வழியில் கிடந்த ஒரு கறுப்புப் பையைக் கண்டக்டர் காலால் ஓரமாகத் தள்ளினார். என் பக்கத்து சீட்காரர் பதறிப்போய்க் குனிந்தார். "அண்ணே, மெதுவா... உள்ள நுரையீரல் இருக்கு!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

பையைத் திறந்து காட்டினார். ஃபுட்பாலுக்குள் இருக்குமே பிளாடர், அது மாதிரி ஒரு ரப்பர் பை. வென்டிலேட்டரைச் சோதிக்கும்போது நோயாளிக்குப் பதிலாக இதைத்தான் மாட்டுவார்களாம். அவர் பயோமெடிக்கல் டெக்னீஷியன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

2020-க்கு முன்னால் வென்டிலேட்டர் என்ற சொல்லைப் பணக்கார வீட்டுச் சாவுகளில்தான் கேட்டிருப்போம். கொரோனா வந்து டீக்கடை வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. எத்தனை மெஷின் வாங்கினார்கள் என்பது செய்தியானது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ பிடித்தார்கள். ஃபில்டர் மாற்றுகிறவரை யாராவது போட்டோ பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா?

"என்னதான் பண்ணுவீங்க, தூசி தட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் சிரித்தார். அப்புறம் ஆலப்பாக்கம் தாண்டும்வரை நிறுத்தவில்லை.

"தூசியும் தட்டணும் சார். ஃபில்டர் அடைச்சா உள்ள சூடாயிரும். ஆக்சிஜன் அளவு சொல்ற சென்சார் இருக்கு பாருங்க, அது பல மெஷின்ல டார்ச் லைட் பேட்டரி மாதிரி, சும்மா இருந்தாலும் கரைஞ்சுக்கிட்டே வரும். மாத்தாம வுட்டா அளவைத் தப்பாக் காட்டும். டியூப்ல தண்ணி தேங்கும். நம்ம கடலூர் காத்துல உப்பு வேற. டியூப் கழண்டா அலாரம் கத்தணும். கத்துதான்னு கழட்டிப் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல பேட்டரி. ஸ்கிரீன்ல ஃபுல்லுனு காட்டும். நம்பக் கூடாது சார். பிளக்கைப் புடுங்கிட்டு கடிகாரத்தைப் பாக்கணும்."

பிளக்கைப் பிடுங்க வேண்டுமானால் மெஷினில் நோயாளி இருக்கக் கூடாது. அங்கேதான் அவர் கதை ஆரம்பிக்கிறது.

2011 அக்டோபர். ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஐ.சி.யூ. நிறைந்திருக்கிறது. மூன்று மெஷினில் இரண்டைப் பார்த்துவிட்டார். மூன்றாவதில் ஒரு பெரியவர். மாற்றுவதற்கு உபரி மெஷின் இல்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்ப்பா" என்றார் டாக்டர். கம்பெனியிலோ மாதம் எத்தனை மெஷின் முடித்தாய் என்றுதான் கணக்கு. மூன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல். கடலூர்க்காரர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பலா, முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்து, ஆயிரக்கணக்கில் கரண்ட் கம்பங்கள் படுத்துவிட்டன. இவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது நாலாம் நாள். மூன்றாவது மெஷின் அப்போதுதான் காலியாகி இருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். நாலு நிமிஷம். அணைந்துவிட்டது.

"புயல் அன்னைக்கு ஜெனரேட்டரை நிறுத்துனீங்களான்னு கேட்டேன். ஆயில் பாக்க ஒரு தடவை நிறுத்துனோம், மூணு நிமிஷம் இருக்கும்னாங்க. ஒரு நிமிஷம் மிச்சம் சார்."

"அந்தப் பெரியவர்?"

"நல்லாயி வீட்டுக்குப் போயிட்டாரு. அதான் சார் பிரச்சினையே. ஏதாவது ஆகியிருந்தா யாராவது என்னைத் திட்டியிருப்பாங்க. யாருமே திட்டல. நர்ஸம்மா டீ வாங்கிக் குடுத்தாங்க."

வெளியே புதுச்சத்திரம் வந்தது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகாத ஒரு தப்பு, தப்புதானா?

மனுநீதிச் சோழன் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். திருவாரூரில் இளவரசன் தேர் ஓட்டிப் போகிறான், கன்று குறுக்கே பாய்ந்து செத்துப்போகிறது, பசு மணியை அடிக்கிறது. மணி என்பது அந்தக் காலத்து அலாரம்தானே. ராஜா மகனையே தேர்க்காலில் இடுகிறார். எல்லோரும் ராஜாவின் நீதியைப் பேசுவோம். எனக்கு வேறொரு சந்தேகம். அந்தக் கன்று ஒரு முழம் தள்ளி ஓடியிருந்தால்? அதே தேர், அதே வேகம். இளவரசன் அரண்மனைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். மணி அடித்திருக்காது. அவன் செய்த காரியம் இரண்டு கதையிலும் ஒன்றுதான். தண்டனை மட்டும் கன்றின் கால்களைப் பொறுத்தது.

மேல்நாட்டிலும் இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இதை வைத்துக் கட்டுரைகள் படித்தார்கள். நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் செக் பண்ணாமல் ஓட்டுகிறான். குழந்தை குறுக்கே வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தன்னை நொந்துகொள்வான். குழந்தை வராவிட்டால் தான் தப்பு செய்ததே அவனுக்குத் தெரியாது. இத்தனைக்கும் இரண்டு பேர் பிரேக்கும் ஒரே பிரேக்.

2019 மே மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மழையில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே கைகொடுக்கவில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்கள் இறந்தார்கள். மெஷின் நின்றதால்தான் என்றார்கள் உறவினர்கள். பேட்டரி ஓடிக்கொண்டிருந்தது, நோயின் தீவிரத்தால்தான் இறந்தார்கள் என்றது மருத்துவமனை. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. அப்படி ஒரு கேள்வி எழுந்த பிறகுதான் நாம் எல்லோரும் பேட்டரியைப் பற்றி விசாரிக்கிறோம் என்பதை மட்டும் சொல்லலாம். 2015-ல் மத்திய அரசு மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன. அவை வேலை செய்யவில்லை என்பதாவது தெரிந்தது. வேலை செய்வதுபோல நின்றுகொண்டிருப்பவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மெஷின் போதவில்லை. சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு உட்கார்ந்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். ராத்திரி பகலாக, வாரக்கணக்கில். அந்த மாணவன் கண் அசந்தால் யாருக்கு மூச்சு நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், முகம் எதிரே இருக்கிறது. அந்தக் கையின் வேலையைத்தான் பிறகு மெஷினுக்குக் கொடுத்தோம். நல்லதுதான். ஆனால் இப்போது அந்தக் கை கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறது. முகம் எங்கோ படுத்திருக்கிறது. நடுவில் ஒரு ஸ்டிக்கர்.

இவர் ஒருவர் தலையில் மட்டும் போட எனக்கு மனசில்லை. உபரி மெஷின் வாங்காத முதலாளி இருக்கிறார், எண்ணிக்கை கேட்ட கம்பெனி இருக்கிறது, "அடுத்த தடவை" என்ற டாக்டர் இருக்கிறார். அவர் என்ன செய்வார், நோயாளியையா கழற்ற முடியும்? சோதிக்க முடியாமல் போனது தப்பில்லை. சோதித்தேன் என்று எழுதியதுதான் தப்பு. அந்தத் தப்பு அக்டோபரிலேயே முழுசாக நடந்து முடிந்துவிட்டது. டிசம்பர் புயல் அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெரியவர் என் அப்பாவாக இருந்து, நாலு நிமிஷம் மூன்றாகக் குறைந்திருந்தால், இவ்வளவு நிதானமாக இந்த வாக்கியத்தை எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

"இப்ப என்ன பண்றீங்க?"

"பாக்க முடியலேன்னா சிவப்பு மையில 'சோதிக்கவில்லை'ன்னு எழுதி ஒட்டிருவேன் சார். அதுக்காகவே ஒரு கம்பெனில வேலை போச்சு. ஆனா அந்தச் சிவப்பைப் பாத்ததும் ஆஸ்பத்திரில எங்கிருந்தோ ஒரு மெஷின் கெடைச்சிரும்!"

சிதம்பரம் நெருங்கியது. தூரத்தில் கோபுரம். சிற்சபையின் பொன்கூரையில் 21,600 ஓடுகள், மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சு அத்தனை என்று சொல்வார்களே, அதைச் சொன்னேன். அவர் செல்போனை எடுத்துத் தட்டினார்.

"நிமிஷத்துக்குப் பதினஞ்சு. கரெக்டா இருக்கு சார். நாங்களும் கிட்டத்தட்ட அதைத்தான் செட் பண்ணுவோம்."

பிறகு சீட்டுக்கடியில் குனிந்து பையை எடுத்தார். இந்தத் தடவை கண்டக்டரே ஒதுங்கி வழி விட்டார். இறங்குகிற கூட்டத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நாலு மெஷின் இருக்கு, ஒண்ணு காலியா இருக்கான்னே தெரியல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தார்.