பக்கத்துத் தோட்டத்துக்காரர்

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் பத்து நிமிஷம் பேசினால் திருட்டைப் பற்றிய பேச்சு வந்துவிடும். ஆனால் எல்லாத் திருட்டையும் அவர்கள் ஒரே சொல்லால் சொல்வதில்லை. போகிற வழியில் ஒரு இளநீரை வெட்டிக் குடித்தவனை எங்கள் வத்தலக்குண்டுப் பக்கம் யாரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள். விழுந்து கிடக்கிற காயில் ஒன்றைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு போகிற பாட்டி, ‘எடுத்துட்டுப் போச்சு’. இருபது காயைச் சாக்கில் கட்டினால்தான் வினைச்சொல் மாறும். மோட்டார் ரூமில் கேபிளை அறுத்துக்கொண்டு போகிறவனுக்கு வினைச்சொல்லே கிடையாது, வசவு மட்டும்தான். அதில் நியாயம் இருக்கிறது. கேபிளை எரித்துச் செம்பைப் பிரித்துக் காயலான் கடையில் போட்டால் அவனுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். தோட்டக்காரர் புதுக் கேபிள் வாங்கி, ஆள் தேடி, மாட்டி முடிப்பதற்குள் அதைப்போலப் பல மடங்கு செலவாகும். இடையில் தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்திருக்கும்.

இதெல்லாம் பெரும்பாலும் முகம் தெரியாதவர்கள் செய்வது. வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரே எடுக்கிறார் என்றால் என்ன செய்வது? கட்டுரையின் கேள்வி அதுதான். கேட்க எளிதாக இருக்கும். உள்ளே போனால் அப்படி இல்லை.

என் பெரியப்பாவின் தோப்பு நான்கு ஏக்கர். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு. 2025இல் தேங்காய் விலை ஏறினபோது காய்க் கணக்கு இறங்கியது. கிழக்கு வரப்பை ஒட்டிய மரங்களில் மட்டும் குலை குலையாகக் குறைந்தது. நான் பெங்களூரிலிருந்து ஒரு கேமரா வாங்கிக்கொண்டு போய் மாட்டினேன். சோலார் பேனல், 4ஜி சிம், அசைவு தெரிந்தால் ஃபோனுக்கு மெசேஜ். (சாஃப்ட்வேர்காரனுக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதை இந்த மாதிரி வேலைகளில்தான்.) பதினோராம் நாள் ராத்திரி பதிவான உருவம் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பங்காளி முறை. எட்டு ஏக்கர் வைத்திருப்பவர். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு சாக்கை மடிக்கிறார்.

வீடியோவைக் காட்டியபோது பெரியப்பாவிடம் ஆச்சரியமே இல்லை. “தெரியும்டா தம்பி. நீ சத்தம் போடாத” என்றார்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாமே உறுதியானவை. போரிலிருந்து மேற்குப் பக்கம் போகிற பைப்லைன் அவர் நிலத்துக்குள்தான் போகிறது. டிராக்டர் வர அவர் பாதையை விட்டால் வேறு பாதை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் ராத்திரி ஒரு மணிக்கு நெஞ்சுவலி வந்தபோது காரை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடியது அதே மனுஷன். ‘ஐநூறு காய்க்கு இதையெல்லாம் கெடுத்துக்கணுமா?’ தூரத்தில் இருப்பவனுக்குத் திருடன் திருடன்தான். ராத்திரி அங்கே படுத்துத் தூங்குகிறவருக்கு அவன் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற ஆளும்கூட.

சட்டமும் பெரிய உதவிக்கு வராது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. திருடு போனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையைத் தொடங்கக்கூட முடியாது. முதல் தடவை தண்டிக்கப்படுகிறவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. அந்த ஏற்பாடு மோசம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சாக்குத் தேங்காய்க்காக யாரும் ஜெயிலுக்குப் போகவேண்டாம். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சாக்காகப் போவதால் எந்த ராத்திரியும் ஐயாயிரத்தைத் தொடாது.

இதுவரை பெரியப்பா சொன்ன எதையும் என்னால் மறுக்க முடியவில்லை. அவர் பொருள், அவர் நஷ்டம், மன்னிப்பதும் அவர் இஷ்டம் என்று விட்டிருப்பேன்.

ஆனால் அந்தத் தோப்பில் தண்ணீர் பாய்ச்ச ஒருவர் வந்துகொண்டிருந்தார். காலனியிலிருந்து வருகிறவர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, ஊருக்கு இன்னும் ‘அந்தப் பையன்’. காய் குறைகிறது என்ற பேச்சு டீக்கடைக்கு வந்த வாரமே ஊர் அதற்கு ஒரு பெயரைப் பொருத்திவிட்டது. யாரும் நேரடியாகச் சொல்லவில்லை. ‘தோப்புல யாரு பொழங்குறா?’ என்ற கேள்வியே போதுமானதாக இருந்தது. பெரியப்பாவுக்கு உண்மை தெரியும். அவர் அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அந்த மனிதரை வேலைக்குக் கூப்பிடவில்லை. வராதே என்று சொல்லவும் இல்லை, சும்மா கூப்பிடாமல் விட்டார்.

அப்போதுதான் அந்தப் பெருந்தன்மையின் கணக்கு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பெரியப்பா மன்னித்தார், சரி. அதற்கான விலையை வேறொருவர் கட்டினார். கிராமத்தில் ஒரு திருட்டு பெயர் இல்லாமல் ரொம்ப நாள் இருக்காது. பெயர் வைத்தால் செலவு வராத ஆளாகப் பார்த்து அது போய் ஒட்டிக்கொள்ளும். பங்காளியின் பெயரைச் சொன்னால் பைப்லைன் போகும். காலனிக்காரர் பெயர் நடமாடினால் பெரியப்பாவுக்கு ஒன்றும் போகாது.

இதே மண்ணில் இதற்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. மதுரை, திண்டுக்கல் பக்கம் கிராமங்களில் ஒரு காலத்தில் காவல் முறை இருந்தது. அறுவடையில் காவல்காரருக்குப் பங்கு. மாடு களவு போனால் மீட்டுத் தருவது அல்லது ஈடு கட்டுவது அவர் பொறுப்பு. துப்புக்கூலி கொடுத்தால் காணாமல் போன மாடு மறுநாள் எங்கேயாவது கட்டிக் கிடக்கும். காவல் கொடுக்காத ஊரில்தான் களவும் நடக்கும் என்பது குடியானவர்களின் புகார். பல இடங்களில் காவல் கள்ளர்கள் கையில் இருந்தது. 1890களில் குடியானவர்கள் காவலை நிறுத்தித் தங்களுக்குள் பணம் போட்டு ஒரு நிதி சேர்த்தார்கள். மாடு போனவருக்கு அதிலிருந்து ஈடு. இன்ஷூரன்ஸ்தான், சந்தேகமில்லை, எனக்குப் பிடித்த யோசனை. பண்டுக் கலகம் என்று அதற்குப் பெயர். காவல் கூலியை எதிர்த்துத் தொடங்கியது, களவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத கள்ளர் குடும்பங்களையும் ஊரைவிட்டு விரட்டுவதிலும் வீடுகளைக் கொளுத்துவதிலும் போய் முடிந்தது.

பிறகு அரசாங்கமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1871இல் வடக்கே வந்த குற்றப்பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். யார் திருடினார் என்று கண்டுபிடிக்கும் சிரமம் அதில் இல்லை. யார் திருடக்கூடியவர் என்று பிறப்பை வைத்து முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளலாம். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. செத்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் போனது. பழக்கம் போகவில்லை. 1993இல் விருத்தாசலம் பக்கம் அறுவடைக் கூலிக்குப் போன இராசாக்கண்ணு என்கிற குறவர், நகைத் திருட்டுப் புகாரில் பிடிபட்டு போலீஸ் காவலில் செத்துப்போனார். ‘ஜெய் பீம்’ படத்தில் அவரை இருளராக மாற்றியிருந்தார்கள். படத்தைப் பார்த்து அழுத நாமெல்லாம் அடித்த போலீஸ்காரர்களை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். முதலில் பெயரைச் சொல்கிற வீடு ஒன்று எப்போதும் இருக்கும். போலீஸ் அதற்கப்புறம்தான் வருகிறது.

என் பெரியப்பா யார் பெயரையும் போலீஸிடம் சொல்லவில்லை. அவரை அந்த வரிசையில் நிறுத்துவது அநியாயம். ஆனால் பெயர் தானாக நடந்துபோய் ஒருவர்மேல் உட்காரும்போது சும்மா இருப்பதும் ஒரு செயல்தான் என்று நான் நினைக்கிறேன். மௌனம் நடுநிலையாக இருக்கவேண்டுமானால் ஊர் ஏற்கெனவே நடுநிலையாக இருக்கவேண்டும்.

அப்படியானால் பங்காளியை டீக்கடையில் வைத்து வீடியோவைப் போட்டுக் காட்டவேண்டுமா? அது வீரமாகத் தெரியும், பெங்களூரிலிருந்து பார்த்தால். அடுத்த நாள் பைப் உடைந்தால் நான் அங்கே இருக்கமாட்டேன். அந்த மாதிரி நேர்மையை இன்னொருவர் செலவில் செய்ய எனக்கு உரிமை இல்லை. பெரியப்பாவின் மன்னிப்பில் இருந்த அதே கோளாறு இதிலும் இருக்கும். யார் என்று சொல்லவேண்டிய கடமை அவருக்கு இருக்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் இல்லை என்று சொல்லவேண்டிய கடமை இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலாவது அவர் பொருளைப் பற்றியது. இரண்டாவது இன்னொருவர் பெயரைப் பற்றியது. அதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

இதை அவரிடம் ஃபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அவன் இல்லேன்னு சொன்னா, அப்ப யாருன்னு கேப்பாய்ங்கள்ல?” என்றார். கேட்பார்கள்தான். கிராமத்தில் ஒருவரை விடுவிக்கிற வாக்கியம் இன்னொருவரைப் பிடிக்கிற வாக்கியமாக மாறிவிடும். ஆனால் வாயால் சொல்லவேண்டும் என்று இல்லையே பெரியப்பா, என்றேன். ஊர் பார்க்க மோட்டார் ரூம் சாவியை அந்த மனிதர் கையில் கொடுத்தால் போதும். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஊர் ஒரே நாளில் தெரிந்துகொள்ளும், காரணத்தைக் கேட்கவும் கேட்காது. பங்காளியிடம் தனியாக, வரப்பில் நின்றே, ‘கெழக்கால கேமரா இருக்குப்பா’ என்று மட்டும் சொன்னால் போதும். அவருக்குப் புரியும், இருவரும் அதற்கப்புறம் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதைப் பெரியப்பா செய்துவிட்டார். கிழக்கு வரப்பில் காய் இப்போது குறைவதில்லை. முதலாவதைப் பற்றிக் கேட்டால், “இந்த வெட்டு முடியட்டும், பாப்போம்” என்கிறார். அந்த மனிதர் இப்போது நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூக்காட்டுக்கு வேலைக்குப் போகிறார். கூலி ஐம்பது ரூபாய் குறைச்சல், பஸ் செலவு தனி.