கையும் கருவியும்

ஒருவன் கையில் ஏந்திய பொருள் அவனுக்குப் புறம்பானதா, அன்றி அவனுடைய உறுப்பே போன்றதா? இவ்வினா முதற்பார்வையில் வெறும் சொல்லாடலாகத் தோன்றலாம். ஆயினும், சண்டையிலும் அன்றாட வாழ்விலும் எதைத் தாக்கலாம், எதைத் தாக்கலாகாது என்னும் அறம் இதற்கு நாம் காணும் விடையைப் பொறுத்தே அமைகிறது.

முதற்கண் சிலம்பத்தை நோக்குவோம். கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்த தமிழர் தம்மோடு கொணர்ந்த கலைகளுள் அதுவும் ஒன்று. கிள்ளான் வட்டாரத்தில் இன்றும் அது பயிலப்படுகிறது. எதிராளியின் உடலில் கம்பு படும் தொடுகைகளை எண்ணி வெற்றி கூறுவது ஒரு முறை. அவன் கைக்கம்பைத் தட்டி வீழ்த்துவதையே வெற்றியாகக் கொள்வது மற்றொரு முறை. பின்னதில் உயரிய எண்ணம் ஒன்று பொதிந்துள்ளது. எதிர்த்து நிற்பவனிடம் அஞ்சத்தக்கது அவன் கையிலுள்ள கம்பு. அது கைநழுவியபின் அவனை அடிக்க வேண்டிய தேவை இல்லை. எலும்பு முறியாமலே போர் முடிகிறது; தோற்றவனும் தன் கால்களால் நடந்து வீடு திரும்புகிறான். இவ்வகையில் நோக்கின், கருவி வேறு, மனிதன் வேறு என்று பிரித்துக் காண்பதே அருளுடைமையாகும்.

ஆனால், கருவியை வீழ்த்துவது எப்போதும் அருளாகிவிடுமா? பாரதப் போரின் பதின்மூன்றாம் நாளில் துரோணர் கூறிய வழியைக் கொண்டு கன்னன் அபிமன்யுவின் வில்லை அறுத்தான். அவ்விளைஞனின் குதிரைகளும் தேர்ப்பாகரும் வீழ்த்தப்பட்டனர். பின்னர்ப் பலர் சூழ்ந்து அவனை மாய்த்தனர். அங்கே வில் அறுக்கப்பட்டது, வில்லாளனைக் கொல்வதை எளிதாக்குவதற்காகவே. இதற்கு நேர்மாறான காட்சியைக் கம்பர் காட்டுகிறார். முதற்போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையனாய் நின்ற இராவணனை இராமன் கொல்லாது ஊருக்குத் திருப்பி அனுப்புகிறான். இரு களங்களிலும் வீரனின் கை வெறுமையாக்கப்பட்டது. ஓரிடத்தில் அடித்தவன் கை தொடர்ந்தது, மற்றோரிடத்தில் நின்றது. எனவே, கருவியைத் தாக்குவதன் அறம், கருவி வீழ்ந்த கணத்திற்குப்பின் நிகழ்வதைக் கொண்டே அளக்கப்படும். படைக்கலத்தைக் கீழே வைத்தவரை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் விதித்ததும் இவ்வுண்மை பற்றியே.

இனி, கையில் இருப்பதெல்லாம் படைக்கலம் ஆகுமா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1967ஆம் ஆண்டில் தீர்த்த வழக்கு ஒன்று இங்கு நினையத்தக்கது. கறுப்பினத்தவரான பிஷர் என்னும் கணித அறிஞர், விருந்துக் கூடமொன்றில் உணவுக்காக வரிசையில் நின்றார். அங்குள்ள பணியாளர் ஒருவர் அவர் கைத்தட்டைப் பறித்து, கறுப்பருக்கு இங்கு உணவில்லை என்று கூவினார். பிஷரின் மேனியில் விரல்கூடப் படவில்லை. எனினும், கையோடு ஒட்டியிருந்த தட்டைப் பறித்தது அவரையே தாக்கியதாகும் எனத் தீர்ப்பாயிற்று. 900 டாலர் இழப்பீடும் உறுதியாயிற்று. இங்கே தட்டும் மனிதனும் ஒன்று.

விளையாட்டுக்கு விதி வகுத்தோரும் இதை உணர்ந்துள்ளனர். பகடை உருட்டிக் கற்பனை வீரராய் நடித்து ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு 1974இல் வெளிவந்தது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் நெருப்பை எய்யும் மந்திரம் ஒன்று உண்டு. அது கீழே கிடக்கும் பொருளை எரிக்கும்; ஒருவர் அணிந்துள்ள அல்லது ஏந்தியுள்ள பொருளைப் பற்றவைக்காது. ஆட்டத்தின் சமன் கருதி வகுத்த விதியாகவே இருக்கலாம். ஆயினும், ஏந்தியவனின் காப்பு ஏந்திய பொருளுக்கும் உண்டு என்னும் கருத்து அதில் அமைந்துவிடுகிறது.

இவ்வுண்மையைக் கிள்ளான் மண் முன்னரே அறிந்திருந்தது. 1941ஆம் ஆண்டில் இவ்வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. போராட்டத் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். தொடர்ந்த கொந்தளிப்பை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். சைக்கிளிலிருந்து இறங்குவதால் எவர் உடலிலும் காயம் விழுவதில்லை. ஆயினும், கூலி உயர்வோடு ஒருசேர வைத்துக் கேட்கும் அளவுக்கு அது அவர்கள் நெஞ்சைச் சுட்டது. உழைத்து வாங்கிய ஊர்தியில் நிமிர்ந்து செல்வது அவர்களுக்கு மானத்தோடு வாழ்வதாகவே இருந்தது.

ஆகவே, நாம் எழுப்பிய வினாவிற்கு விடை ஒன்றன்று. பிறரைத் துன்புறுத்த ஓங்கிய பொருளை மனிதனிடமிருந்து பிரித்துக் காண்க, அதனை வீழ்த்துக, வீழ்ந்ததும் கையை நிறுத்துக. உண்ணவும் கற்கவும் உழைக்கவும் ஏந்திய பொருளை அவனோடு சேர்த்தே காண்க. அதனைத் தீண்டுமுன் அவனைத் தீண்டுவதாக எண்ணுக.

வகுப்பறையிலும் இவ்வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்படுகிறது. சக மாணவனை நோக்கி ஓங்கிய அடிக்கோலை ஆசிரியர் பிடித்து வாங்குவது கடமை. வாங்கிய கோலால் அவனையே அடித்தால், கன்னன் நின்ற களத்தில் அவரும் நிற்கிறார். பிழை மலிந்த கட்டுரை ஏட்டை மாணவன் கையிலிருந்து பிடுங்கி எறிவது வேறொரு தவறு. எறியப்படுவது தாள் என ஆசிரியர் எண்ணலாம். எறியப்பட்டவன் தான் என்றே மாணவன் உணர்வான். ஏட்டைத் தருமாறு கேட்டு, அவன் தானே நீட்டும்போது பெற்றுக்கொண்டால், பிழையும் திருந்தும். பிள்ளையின் மானமும் நிலைக்கும்.