செஞ்சோற்றுக் கடனும் நீதியும்

விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (1509–1529) பாண்டியனுக்குத் துணையாக நாகம நாயக்கரை மதுரைக்கு ஏவினார். நாகமரோ, சோழனை வென்று நாட்டைத் தாமே வைத்துக்கொண்டார். அவரைப் பிடித்துவர மகன் விசுவநாதனே முன்வந்தான். தந்தையைச் சிறைப்படுத்திக் கொணர்ந்தான். இது மதுரை நாயக்கர் பற்றி வழிவழி வரும் செய்தி.

பெற்றவனிலும் சோறிட்டவன் பெரியவனா? சிங்கையிலும் தோட்டங்களிலும் ஊதியத்தால் வாழும் நமக்கு இவ்வினா அயலதன்று. அடைக்கலம் புகுந்தவன் உடைமையைக் கவர்தல் குற்றம். அதைத் தடுத்தல் நீதியே. எசமான் ஏவினான் என்பதற்காகவே தடுத்திருப்பின், அது அடிமைத்தனம்.

ஆயினும், முடிவில் மதுரை எவர் வசமாயிற்று? பாண்டியனுக்கு நிலைக்கவில்லை, விசுவநாதனுக்கே வாய்த்தது. தந்தை வாளால் கொண்டதை மகன் பரிசாகக் கொண்டான். அன்பர்களே, நீதியின் பெயரால் செய்யும் ஊழியத்தின் பயன் எவரைச் சேர்கிறது என்று பாருங்கள், அதுவே உரைகல்.