வேர் பார்க்கும் கணக்கு

பூக்கும் சமயத்தில் ஓர் உளுந்துச் செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்துப் பாருங்கள். வேரில் கடுகும் மிளகுமாகக் குட்டிக் குட்டி முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்துச் சிவப்புக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. பெயர் லெக்ஹீமோகுளோபின். ரைசோபியம் என்கிற பாக்டீரியா குடியிருக்கும் வீடு அந்த முடிச்சு.

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். அத்தனை இருந்தும் செடிக்கு அதை அப்படியே சாப்பிடத் தெரியாது. ரைசோபியத்துக்குச் சமைக்கத் தெரியும். அது நைட்ரஜனை அம்மோனியாவாக்கித் தருகிறது. பதிலுக்குச் செடி, சர்க்கரைச் சத்தும் அளவான ஆக்சிஜனும் தருகிறது. 1888-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இந்த ரகசியத்தை விளக்கி எழுதினார்கள். நம்ம ஊர் விவசாயி ஆறிய கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து உளுந்து விதையைப் புரட்டி எடுப்பது இதற்காகத்தான்.

'ஆஹா, என்ன அன்பு!' என்று உருகிவிடாதீர்கள். வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். கையில் காசு வந்ததும் பழைய சிநேகிதனை மறக்கிற கதை.

இன்னும் கேளுங்கள். 2003-ல் டோபி கியர்ஸ் குழுவினர் சோயா வேர் முடிச்சுகளைச் சுற்றி நைட்ரஜனை எடுத்துவிட்டு, ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். பாக்டீரியாவால் அம்மோனியா தர முடியவில்லை. செடி என்ன செய்தது? அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. உள்ளே இருந்தவை பெருகுவது ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

நியாயம்தானே என்று தோன்றும். ஓசியில் தின்கிறவனுக்கு எத்தனை நாள்தான் படியளப்பது? எல்லோரும் அப்படியே ஆகிவிட்டால் செடியே பட்டுப்போகுமே!

ஆனால், ஒரு நிமிஷம். அந்த பாக்டீரியாக்கள் சோம்பேறிகள் இல்லை. சமைக்கத் தெரிந்தவை, அரிசியைத்தான் யாரோ பிடுங்கிக்கொண்டார்கள். செடி பார்த்தது பலனை மட்டும். 'செய்யமாட்டேன்' என்பவனுக்கும் 'செய்யமுடியவில்லை' என்பவனுக்கும் உள்ள வித்தியாசம் வேருக்குத் தெரியாது.

நமக்குத் தெரியும். வேலை போன தம்பி, படுத்துவிட்ட அப்பா, மார்க் குறைந்த மகன்... கை ஓய்ந்தவர்கள் எந்த வீட்டில் இல்லை? கணக்குப் பார்ப்பது தப்பில்லை. கணக்கு இல்லாமல் குடும்பமும் நடக்காது, வயலும் விளையாது. ஆனால், படியளப்பதை நிறுத்தும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னப்பா ஆச்சு?' என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

வேருக்கு அது இல்லை.